முதலில் பெயர், அப்புறம் பந்து

சேகர்,

போன வெள்ளிக்கிழமை நீ குவைத்திலிருந்து கூப்பிட்டபோது கீழே துணிக்கடையில் நின்றுகொண்டு பேசினேன். வழக்கம்போல சேட் தன் கணக்குப்பிள்ளையை எழுப்பிவிட்டு எனக்கு நாற்காலி போட்டார். சாப்பாடு எப்படி என்று கேட்டேன், ரூமில் ஏ.சி. ஓடுகிறதா என்று கேட்டேன், நீ இருக்கும் ஃபர்வானியாவில் நம்மூர் ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "சரிம்மா, வெச்சிடறேன்" என்றாய். அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்பாய் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அவர் என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ரிசீவரை வைத்ததும், "யாரு?" என்றார். "சேகர்" என்றேன். தலையாட்டிக்கொண்டார். மாடிப்படி பாதி ஏறிய பிறகு நின்று, "எந்த டீமுக்கு ஆடறான் அவன்?" என்று கேட்டார்.

இதைப் படித்ததும் உனக்குக் கோபம்தான் வரும், எனக்குத் தெரியும். இன்னும் அதே நடிப்பா என்று கடிதத்தைக் கசக்கி எறிந்துவிடாதே. உட்கார்ந்து முழுதும் படி. நீ இங்கிருந்து கிளம்பிய நாளிலிருந்து உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் இது. அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனில் சொல்ல முடியாது. அவர் தூங்கும்போது சொல்லலாம் என்றால், சேட்டின் கடை அப்போது மூடியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது, நீ பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாம் ஏன் இந்தத் துபாய்க்கு வந்தோம் என்பதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதிலேயே எல்லாம் இருக்கிறது. மெட்ராஸில் உன் அப்பாவை ஆபீஸ் டீமில் எடுத்தபோது கிளார்க் என்று பெயர், ஒரு ஃபைலையும் அவர் திறந்து பார்த்ததில்லை. இங்கே கட்டடக் கம்பெனிக்காரர்கள் கூட்டி வந்தபோது விசாவில் ஸ்டோர் கீப்பர் என்று போட்டிருந்தார்கள். ஸ்டோர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவரிடம் கேட்டால் சுற்றிமுற்றிப் பார்ப்பார். கம்பெனிகளுக்குள் டோர்னமெண்ட் நடக்கும், விசா கொடுக்கும் அரபி முதலாளி கஃபீலுக்குக் கோப்பை வேண்டும், அதற்கு வியாசர்பாடியில் இருந்து ஒரு சென்டர் பார்வர்ட் வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இப்போது உன் விசாவில் டைம் கீப்பர் என்று போட்டிருப்பதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மைதானங்கள் உனக்கு ஞாபகம் இருக்கும். புல் என்ற பேச்சே கிடையாது, வெறும் மணல். மேட்சுக்கு முன்னால் தண்ணீர் லாரி வந்து உப்புத் தண்ணீரைத் தெளித்து மணலை அமுக்கிவிட்டுப் போகும். மெட்ராஸில் காலோடு ஒட்டிக்கொண்டு ஓடிய பந்து இங்கே நாலடி உருண்டு நின்றுவிடும். அதனால் எல்லோரும் பந்தைத் தூக்கித் தூக்கி அடித்தார்கள், எல்லாம் ஆகாயத்தில்தான். ஆகாயத்தில் உன் அப்பாவை யார் ஜெயிக்க முடியும்? ஆனால் அந்த ஈர மணலில் புரண்ட தோல் பந்து இடைவேளைக்குள் ஊறிப்போய்க் கல்லாகிவிடும். ஒருமுறை அது நம் பக்கம் வந்து விழுந்தபோது நான் தூக்கிப் பார்த்தேன். ஊறவைத்த அரிசி மூட்டை மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் அவர் நெற்றியில் பந்தின் தையல் அடையாளம் தெரியும். அதைத் தடவிப் பார்த்துவிட்டு நீ பள்ளிக்கூடத்தில் போய்ப் பெருமை அடித்துக்கொள்வாய். நானும் பெருமைப்பட்டவள்தான்.

ஷார்ஜாவில் நடந்த அந்த ஃபைனலை நீ எத்தனை பேரிடம் கதையாகச் சொல்லியிருப்பாய். கோல்கீப்பரும் அவரும் ஒரே பந்துக்கு எகிறினார்கள், மண்டையும் மண்டையும் மோதிய சத்தம் நாம் உட்கார்ந்திருந்த இடம்வரை கேட்டது. விழுந்தவர் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. யாரோ ஈரத் துண்டைத் தலையில் கட்டிவிட்டார்கள். கோட்டுக்கு வெளியே நின்று கஃபீலே, "யல்லா தாமு, யல்லா" என்று எழுந்து ஆடச் சொல்லிக் கத்தினார். எல்லோருடைய தாமு பாயான உன் அப்பா எழுந்து போய், கட்டிய துண்டோடு தலையாலேயே கோல் போட்டார். இது வரைக்கும்தான் உனக்குத் தெரிந்த கதை. அதற்கு மேல் ஒன்று இருக்கிறது. ரோலா கடைவீதிக்கு வந்து எல்லோருமாகச் சாப்பிட்டோமே, அங்கே பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே அவர் என்னைப் பார்த்து, "மேட்ச் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். மேஜையில் இருந்தவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோப்பை அவர் காலடியில்தான் இருந்தது. ஜோக் அடிக்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

அதன் பிறகு தலைவலி. வெயிலில் கொஞ்சம் நின்றாலே வாந்தி. கம்பெனி டாக்டர் இனி ஆடக் கூடாது என்றார். ஆடாத ஸ்டோர் கீப்பரை எவன் வைத்துக்கொள்வான்? பெட்டியைக் கட்டலாம் என்று இருந்தபோதுதான் மைக் வந்தது. அறிவிப்பாளர் வராத ஒரு நாள், சும்மா நின்றிருந்தவர் கையில் யாரோ கொடுத்தார்கள். இந்தியில் ஆரம்பித்து, மலையாளத்தில் திட்டி, தமிழில் கொண்டாடி, நடுநடுவே இங்கிலீஷும் அரபியும் போட்டு அவர் பேசியதைக் கேட்டு, ஆடுகிறவர்களே சிரித்துக்கொண்டு ஆடினார்கள். அடுத்த சீசனில் ரேடியோவில் கூப்பிட்டுக் கால் மணி நேரம் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேம்ப் கேம்பாக ட்ரான்சிஸ்டரைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். மைதானத்துக்கு வர லாரி கிடைக்காதவர்களுக்கு அவர் குரல்தான் மேட்ச். பர் துபாயில் எந்த டீக்கடையிலும் அவரிடம் காசு வாங்க மாட்டார்கள். ஆட்டத்தை இழந்தவருக்குக் கடவுள் வாயைக் கொடுத்தார் என்று நான் கோயிலில் போய் அழுதேன்.

அந்த வேலைக்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். முதலில் பெயர், அப்புறம் பந்து. 'அடித்தான், கோல், யார் தெரியுமா' என்று பேசுகிறவனைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்கிறவனுக்குக் கண் கிடையாது, பெயரைச் சொன்னால்தான் அவனுக்கு ஆள் எழுந்து ஓடுவான், பெயர் தெரியாத கால் உதைத்த பந்து எங்கே போனால் யாருக்கு என்ன என்பார். வீட்டிலும் அதே சட்டம்தான். பக்கத்து ஃபிளாட் சண்டையை நான் பாதியிலிருந்து சொல்ல ஆரம்பித்தால், "பேரைச் சொல்லு முதல்ல. யாரு யாரை அடிச்சாங்க?" என்பார். நீயும் நானும் அதைச் சொல்லிச் சொல்லி அவரைக் கேலி செய்வோம்.

அப்படிப்பட்டவரிடம் இருந்து பெயர்கள்தான் முதலில் போயின. ஒருநாள் ரேடியோவில் ஒரு பையன் பந்தைக் கொண்டு போகிறான், அவன் ஓட்டத்தைச் சொல்கிறார், சட்டை நிறத்தைச் சொல்கிறார், பெயர் வரவில்லை. இன்னொரு நாள் பேச்சு அப்படியே நின்றுவிட்டது. வீட்டில் ட்ரான்சிஸ்டர் முன்னால் உட்கார்ந்திருந்த நான் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று தட்டிப் பார்த்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "கண்ணு முன்னாடி ஓடறான். நேத்து அவன்கூட டீ குடிச்சேன். பேரு வரல" என்றார். மைதானத்தில் அடிபட்டு விழுந்தபோது நான் அவர் முகத்தில் பயத்தைப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

பர் துபாயில் ஒரு மலையாள டாக்டரிடம் போனோம். கம்பெனிக்குத் தெரியாத டாக்டராகத் தேடிப் போனோம். டாக்டர் அவர் கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்தார், நாலைந்து வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாக்ஸிங் பண்றவங்ககிட்ட இப்படிப் பாத்திருக்கேன். தலையில அடி சேர்ந்து சேர்ந்து வர்றது. ஃபுட்பால்லயும் வருமான்னு எனக்கு உறுதியாச் சொல்லத் தெரியலை" என்றார். "மருந்து?" என்றேன். மேஜையைப் பார்த்துக்கொண்டே, "கூடவே இருங்க" என்றார்.

அதைத்தான் செய்தேன். மைதானத்தில் மைக் வைத்த மேடையில் அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஆட்டம் தொடங்குமுன் இரண்டு டீமும் வரிசையாக நிற்கும்போதே நம்பரையும் முகத்தையும் உருப்போடுவேன். எந்த டீமை எடுத்தாலும் மூன்று முகமது இருப்பான், இரண்டு ஜோசப் இருப்பான். பந்து யாரிடம் போகிறதோ அந்தப் பெயரை அவர் காதுக்குப் பின்னால் சொல்வேன், என் மூச்சு முடிவதற்குள் மைக்கில் அவர் குரலில் அது போய்விடும். ஃபுட்பாலில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்று தெரியாமல் கழுத்தை நீட்டியவள் நான். அத்தனை ஆண்களுக்கு நடுவில் ஒற்றைப் பொம்பளையாக வியர்வை வழிய உட்கார்ந்திருந்தேன். "தாமு பாய் பீவியை விட்டு ஒரு நிமிஷம் இருக்க மாட்டார்" என்று கிண்டல் செய்தார்கள். நீயும் ஒருநாள், "ஏம்மா அங்க போய் உக்கார்றே, ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சிரிக்கிறாங்க. இட்ஸ் எம்பாரசிங்" என்றாய். நான் காதில் போட்டுக்கொள்ளாத மாதிரி துணி மடித்தேன். உன்னிடம் சொல்லியிருப்பேன். அவர்தான் வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போகும், வேலை போனால் விசா போகும், உன் படிப்பு நடுவில் நிற்கும். அதோடு இன்னொன்றும் சொன்னார். "அவன் என்னை அப்படிப் பாக்க வேணாம்" என்றார்.

இனி அந்த மேட்ச். நீ முதன்முதலாகப் பெரியவர்கள் டீமில் ஆடியது. உனக்கு ஒன்பதாம் நம்பர் சட்டை கொடுத்தார்கள், அவர் போட்டிருந்த அதே நம்பர். காலையிலிருந்தே அவர் நன்றாகத்தான் இருந்தார். உன் பூட்ஸை அவரே துடைத்து வைத்தார். மேடையில் உட்கார்ந்ததும் எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. எல்லாப் பெயரையும் நான் சொல்லச் சொல்ல வாங்கிக்கொண்டார். அந்த கார்னர் வந்தது. நீ பின்னால் இருந்து ஓடி வந்தாய், சேகர். இடது தோளைச் சற்று இறக்கிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு, அவர் எகிறுகிற மாதிரியே எகிறினாய். "சேகர்" என்றேன் காதில். பந்து வலைக்குள் போனது. "சேகர், சேகர்" என்று மறுபடி சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "தாமு, ஒன்பதாம் நம்பர் தாமு, தாமோதரன் கோல்" என்று நாலு பக்க ஸ்பீக்கரும் அதிரச் சொன்னார். ஒருதடவை இல்லை, திரும்பத் திரும்பச் சொன்னார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. மைதானத்தின் நடுவில் நீ நின்று மேடையைப் பார்த்த பார்வையை நான் மறக்கப் போவதில்லை. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "அது நம்ம பையன்ங்க" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் முழுக்கச் சந்தோஷம். "பாத்தியா, பாத்தியா என்னை?" என்றார்.

வீட்டுக்கு வந்து நீ பேசியதை எல்லாம் நான் திருப்பி எழுதப் போவதில்லை. "என் வாழ்க்கையில் நான் போட்ட முதல் கோலையும் அவர் பேருக்கு எடுத்துக்கிட்டார்" என்றாய். அவருக்கு எப்போதும் தன் பேர்தான் கேட்க வேண்டும் என்றாய். ஊர் முழுக்கச் சிரிக்க வைத்துவிட்டார் என்றாய். எல்லாம் உன் பக்கத்தில் நியாயம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். அது திமிர் என்று நீ நினைத்தாய். நீ கதவைச் சாத்திக்கொண்ட பிறகு சமையலறைக்கு வந்து, "பையன் ஏன் இவ்ளோ கோவமா இருக்கான்? நான் என்ன பண்ணேன்?" என்று கேட்டார். நான் என்ன சொல்வேன், சொல். குவைத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று நீ கையெழுத்துப் போட்டபோதும் ஏர்போர்ட்டில் அவர் கையைக் கொடுத்து, "நல்லா ஆடு தம்பி" என்றபோதும் அப்படித்தான் நின்றேன். நீ அந்தக் கையை வாங்காமல் உள்ளே போனாய். மகனை யாராவது தம்பி என்று கூப்பிட்டு வழியனுப்புவார்களா என்று நீயாவது ஒருநிமிஷம் யோசிப்பாய் என்று நினைத்தேன். கோபத்தில் இருக்கிறவனுக்கு அதெல்லாம் எங்கே கேட்கும்.

இப்போது மறைக்க ஒன்றும் இல்லை. ரேடியோவில் நிறுத்திவிட்டார்கள். மேடையிலும் போன மாதம் ஒருநாள் ஆட்டம் முடிந்த பிறகும் அவர் பேசிக்கொண்டே இருந்தார், ஒயரைப் பிடுங்க வேண்டியதாயிற்று. கஃபீல் நல்ல மனிதர், வீட்டுக்கே வந்தார். வெகுநேரம் அவர் கையைத் தன் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, "கலாஸ் தாமு", முடிந்துவிட்டது என்று மெதுவாகச் சொன்னார். விசா கேன்சல் ஆகிறது. வரும் மாதம் மெட்ராஸுக்குக் கிளம்புகிறோம், பெரம்பூரில் பெரியப்பா வீட்டு மாடியில் இருக்கப்போகிறோம். உன் அப்பாவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. இதைக் கடவுளிடம் யாராவது கேட்டுச் சொன்னால் தேவலை.

நீ ஆடுவதை நிறுத்து என்று நான் சொல்லவில்லை, சொன்னால் நீ கேட்கவும் மாட்டாய். உங்கள் குடும்பத்தில் யார்தான் என் பேச்சைக் கேட்டார்கள். ஆனால் அங்கேயும் மணல்தானே, அங்கேயும் ஊறிய பந்துதானே. காலால் ஆடு, நெஞ்சில் வாங்கி இறக்கு. தலையில் அடிபட்டால் வெளியே வந்து உட்கார். எந்தக் கஃபீல் யல்லா என்று கத்தினாலும், எவன் ஈரத் துண்டைக் கொண்டு வந்தாலும் எழுந்திருக்காதே. கோழை என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். உன் அப்பாவை வீரன் என்று தோளில் தூக்கியவர்களில் ஒருவனாவது இன்று அவருக்குச் செருப்பு மாட்டிவிட வருகிறானா? எனக்கு இன்னொருவர் காதில் இன்னொரு முறை பெயர் சொல்லத் தெம்பு இல்லை, சேகர். பயமாக இருக்கிறது.

நாங்கள் கிளம்புமுன் லீவ் கேட்டு ஒருமுறை வந்துவிட்டுப் போ. இன்னும் சில நாள் காலையில் அவர் தெளிவாக இருக்கிறார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், உன் பழைய பூட்ஸை எடுத்துத் துடைத்து வைக்கிறார். யாருடையது என்றால் இன்னும் அழுத்தித் துடைக்கிறார். வெள்ளிக்கிழமை ரேடியோவில் புதிதாக ஒருவன் வருகிறான். பந்து போகிறது, போகிறது என்று அவன் கத்துவதைக் கேட்டுவிட்டு இவர் ட்ரான்சிஸ்டரிடம், "பேரைச் சொல்லுடா முதல்ல" என்று சண்டை போடுகிறார். அந்தச் சட்டம் மட்டும் அவரிடம் இருந்து போகவில்லை.

மணி அடித்தால் அவர்தான் ஓடிப்போய்க் கதவைத் திறப்பார். உன்னைப் பார்த்துச் சிரிப்பார், எல்லோரையும் பார்த்து அப்படித்தான் சிரிக்கிறார். அடையாளம் தெரிகிறதா என்று சோதித்துக்கொண்டு வாசலில் நிற்காதே. முதலில் பெயரைச் சொல். சேகர் என்று சொல், அப்புறம் அப்பா என்று சொல். கோபம் மிச்சம் இருந்தால் அதையும் அப்புறம் சொல், கேட்டுக்கொள்வார். நான் பின்னால்தான் நின்றிருப்பேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் பெயரை நான் சொல்லி அவர் வாங்கிக்கொண்டார். உன் பெயரைச் சொன்னபோது மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. அதை நீ வந்து சொல்.

அம்மா